குழந்தைகளைக் காப்பாற்றச் செஞ்ச 'மிக்கி மவுஸ்' கேஸ் மாஸ்க்... இன்னைக்கு குழந்தைங்க கையிலயே கொடுக்கக் கூடாது! ஏன்?

சிவப்பு ரப்பர் முகம். மூக்குக்குக் கீழே நீல நிற தகர டப்பா. ரெண்டு வட்டக் கண்ணாடி. பார்த்தா விளையாட்டுப் பொம்மை மாதிரி இருக்கும். ஆனா இது பொம்மை இல்ல. இரண்டாம் உலகப் போர் காலத்தில் பிரிட்டன் அரசு சின்னக் குழந்தைகளுக்காகச் செய்த விஷவாயு முகமூடி, அதாவது கேஸ் மாஸ்க்.

80 வருஷத்துக்கு மேல் ஆன இந்த மாஸ்க்குகளை உலகம் முழுக்க பலர் தேடித் தேடிச் சேகரிக்கிறாங்க. பழைய நாணயம், தபால்தலை, கேமரா சேகரிப்பது போல இதுவும் ஒரு பொழுதுபோக்கு. முன்னாடி லண்டன் சந்தையில் மட்டும் கிடைத்த பொருளை, இன்னைக்கு வில்லியனூரிலோ பாகூரிலோ உட்கார்ந்து செல்போனில் தேடலாம், விலை கேட்கலாம். பள்ளிக் கண்காட்சிக்கு வைக்கலாமே என்றும் சிலருக்குத் தோணலாம்.

இங்கேதான் ஒரு விஷயத்தை எல்லோரும் தெரிஞ்சுக்கணும். குழந்தையின் நுரையீரலைக் காப்பாற்றச் செய்த இந்த மாஸ்க்குக்குள்ளேயே நுரையீரலைக் கெடுக்கும் பொருள் இருக்கு. அது என்ன, ஏன் வைத்தாங்க, சேகரிக்க விரும்புகிறவங்க என்ன செய்யணும்? முழு விளக்கம் இதோ.

குழந்தைக்கு எதுக்கு கேஸ் மாஸ்க்?

1915 ஏப்ரல் 22. முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் ஈப்பர் பகுதியில் ஜெர்மன் படை, பிரெஞ்சு தரப்புப் படைகள் மீது குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. பெரிய அளவில் விஷவாயு ஆயுதமானது அன்றுதான். அந்தப் போரில் பிரெஞ்சு இந்தியாவிலிருந்து போய் உயிர்விட்ட வீரர்களுக்கான நினைவுச்சின்னத்தை, புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இன்றும் பார்க்கலாம்.

1925-ல் ஜெனீவா உடன்படிக்கை, போரில் விஷவாயு பயன்படுத்தத் தடை விதித்தது. ஆனாலும் 1935-36-ல் எத்தியோப்பியா மீது படையெடுத்த இத்தாலி, விமானத்திலிருந்து கடுகு வாயுவைப் பயன்படுத்தியது. 'இனி விஷவாயு போர்முனையில் மட்டும் வராது, வீட்டுக்கூரை மேலயும் விழும்' என்ற பயம் ஐரோப்பா முழுக்கப் பரவியது.

அதனால் பிரிட்டன் அரசு ராணுவத்துக்கு மட்டும் இல்லாம, எல்லா குடிமக்களுக்கும் மாஸ்க் தர முடிவு செய்தது. 1938 செப்டம்பரில் மியூனிக் நெருக்கடி வந்தபோதே சுமார் 3 கோடியே 80 லட்சம் மாஸ்க்குகள் விநியோகிக்கப்பட்டன. அட்டைப்பெட்டியில் போட்டு, கயிறு கட்டி, தோளில் மாட்டிக்கொண்டுதான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனாங்க.

குழந்தைகளுக்கு எத்தனை வகை?

பெரியவங்க மாஸ்க் சின்ன முகத்தில் பொருந்தாது. ஓரத்தில் இடைவெளி இருந்தா வாயு உள்ளே வந்துடும். அதனால் வயதுக்கு ஏற்ப 3 வகை இருந்தது.

முதல் வகை: கைக்குழந்தைக்கு. சுமார் 2 வயது வரை. இது முகமூடி இல்ல, கிட்டத்தட்ட ஒரு பை. குழந்தையின் தலை, கை, உடம்பு எல்லாம் உள்ளே போயிடும். கால் மட்டும் வெளியே தொங்கும். முன்பக்கம் பார்க்க ஒரு பெரிய ஜன்னல். பக்கத்தில் துருத்தி மாதிரி ஒரு பம்ப். அம்மாவோ அப்பாவோ அதைக் கையால் அழுத்திக்கொண்டே இருந்தால்தான் வடிகட்டிய காற்று உள்ளே போகும். கை நின்னா காற்று நிற்கும். போர் முடிந்ததும் திருப்பித் தர வேண்டிய அரசுப் பொருள் இது.

இரண்டாம் வகை: சுமார் 2 முதல் 5 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு. இதுதான் 'மிக்கி மவுஸ்' என்று செல்லப்பெயர் வாங்கிய மாஸ்க். கறுப்பு மாஸ்க்கைக் கண்டு குழந்தைகள் அழக்கூடாது என்பதற்காகத்தான் சிவப்பு ரப்பர், நீல டப்பா என்று கலர் கொடுத்தாங்க. மூக்கு மாதிரி ஒரு ரப்பர் மடிப்பும் உண்டு, மூச்சு வெளியேறுவது அது வழியா. பெயர்தான் மிக்கி மவுஸ். எலிக் காதும் கிடையாது, மிக்கி முகமும் கிடையாது.

மூன்றாம் வகை: அதற்கு மேல் வயதுள்ள பிள்ளைகளுக்கு. பெரியவங்க போடும் அதே கறுப்பு மாஸ்க்கின் சின்ன சைஸ். இதில் மூச்சு விட்டால் காற்று கன்னத்து ஓரமா வெளியே போகும். அப்போ 'புர்ர்' என்று சத்தம் வரும். வகுப்பறைப் பயிற்சியில் பிள்ளைகள் வேணும்னே அந்தச் சத்தம் போட்டுச் சிரிப்பாங்களாம்.

இத்தனைக்கும், போர் முடியும் வரை பிரிட்டன் மக்கள் மீது விஷவாயுத் தாக்குதல் நடக்கவே இல்லை. கோடிக்கணக்கில் செய்த மாஸ்க், ஒரு தடவைகூட உண்மையான வாயுவைச் சந்திக்காமல் அலமாரிக்குள் போனது. இன்னைக்கு இவ்வளவு மாஸ்க் சந்தையில் கிடைக்க அதுவும் ஒரு காரணம்.

டப்பாவுக்குள்ளே என்ன இருக்கு?

மாஸ்க்கின் உயிர் அந்தத் தகர டப்பாவில்தான். உள்ளே இரண்டு அடுக்கு வேலை நடக்கும்.

ஒன்று, கரி. சாதாரண அடுப்புக்கரி இல்ல, கிளர்வூட்டப்பட்ட கரி. இதில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் இருக்கும். வாயு மூலக்கூறுகள் அந்தத் துளைகளில் ஒட்டிக்கொள்ளும். இந்தக் கரிக்கு மிக நல்ல மூலப்பொருள்களில் ஒன்று, நம்ம கொட்டாங்குச்சி. இன்றும் காங்கேயம் பகுதியில் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து இந்த வகைக் கரி தயாரித்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறாங்க. வீட்டு வாட்டர் ஃபில்டரில் இருப்பதும் இதே வகைக் கரிதான்.

இரண்டு, நார் அடுக்கு. சில விஷங்கள் வாயுவாக வராது, மெல்லிய புகைத்துகளாக வரும். கரி அதைப் பிடிக்காது. அதற்குத் தனியா ஒரு வடிகட்டி வேணும். ரொம்ப மெல்லிசான, நெருப்பு பிடிக்காத, விலை மலிவான நார் ஒன்று அப்போ எல்லா இடத்திலும் கிடைத்தது. அதுதான் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ்.

பொதுமக்கள் மாஸ்க்கில் பெரும்பாலும் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ், ராணுவ மாஸ்க்கில் அதைவிட ஆபத்தான நீல ஆஸ்பெஸ்டாஸ். ஆனா வெளியே இருந்து பார்த்து எதில் எது இருக்கு என்று யாராலும் சொல்ல முடியாது.

ரப்பர் எங்கிருந்து வந்தது?

இந்தக் கதையில் தமிழர்களின் உழைப்பும் இருக்கு. அந்தக் காலத்தில் பிரிட்டனுக்கு ரப்பர் பெருமளவு மலாயா, இலங்கைத் தோட்டங்களிலிருந்துதான் போனது. மலாயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் போன தொழிலாளர்கள்.

1942 பிப்ரவரிக்குள் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பான் கைக்குப் போனது. பிரிட்டனில் ரப்பர் தட்டுப்பாடு வந்தது. தோட்டத்தில் இருந்த ஆயிரக்கணக்கான தமிழர்களை ஜப்பான் ராணுவம் சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனது. அங்கே நோயிலும் பட்டினியிலும் ஏராளமானோர் இறந்தாங்க.

மாஸ்க் செய்தவங்களுக்கு என்ன ஆச்சு?

ஆஸ்பெஸ்டாஸ் நார் காற்றில் பறந்தால் கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் வராது. மூச்சோடு உள்ளே போனா நுரையீரலில் குத்தி நின்றுவிடும், உடம்பால் அதைக் கரைக்க முடியாது. அதனால் வரும் நோய்கள் முக்கியமா மூன்று. நுரையீரல் தழும்பேறி மூச்சு வாங்கும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் மீசோதெலியோமா என்ற புற்றுநோய்.

இதில் கொடுமை என்னன்னா, நோய் உடனே தெரியாது. 20 வருஷம் கழித்தும் வரலாம், 40 வருஷம் கழித்தும் வரலாம்.

மாஸ்க் தொழிற்சாலையில் வேலை பார்த்தவங்களில் பெரும்பாலானோர் பெண்கள். இங்கிலாந்தின் லங்காஷையர் பகுதியில் பிளாக்பர்ன், லேலண்ட் என்ற இரண்டு ஊர்களில் வேலை செய்த பெண்களை ஆய்வாளர்கள் சுமார் 40 வருஷம் கணக்கெடுத்தாங்க. பிளாக்பர்னில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸை வைத்துப் பொதுமக்கள் மாஸ்க். லேலண்டில் நீல ஆஸ்பெஸ்டாஸை வைத்து ராணுவ மாஸ்க். 1982-ல் முடிவு வெளியானது. நீல ஆஸ்பெஸ்டாஸில் வேலை செய்த பெண்களிடம் நுரையீரல் புற்றுநோயும் மீசோதெலியோமாவும் தெளிவாகவே அதிகமா இருந்தது. நாட்டிங்ஹாம் நகரில் ராணுவ மாஸ்க் செய்த பெண்களிடமும் இதே நிலைதான்.

'அப்போ வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் பரவாயில்லையா?' என்று கேட்கலாம். இல்லை. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதுதான் உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. பிரிட்டன் 1999-ல் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸையும் தடை செய்துவிட்டது.

பள்ளிகளுக்கு எச்சரிக்கை ஏன் வந்தது?

பிரிட்டனில் இரண்டாம் உலகப் போர் ஒரு பள்ளிப் பாடம். வரலாற்று வகுப்பில் பழைய மாஸ்க்கைக் கொண்டுவந்து, பிள்ளைகள் ஒவ்வொருவரா முகத்தில் மாட்டிப் பார்ப்பது ரொம்ப வருஷமா நடந்த வழக்கம்.

2014-ல் அந்த நாட்டின் சுகாதார, பாதுகாப்பு நிர்வாக அமைப்பு இதை நிறுத்தச் சொன்னது. பழைய மாஸ்க்குகளைச் சோதித்தபோது பெரும்பாலானவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. உலகப் போர்க் கால மாஸ்க்கை யாரும் அணியக் கூடாது, பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது என்று அறிவுரை வந்தது.

புதுசா இருந்தபோது அந்த நார் டப்பாவுக்குள் அடங்கி இருந்திருக்கலாம். இப்போ டப்பா துருப்பிடித்திருக்கும், உள்ளே இருக்கும் அட்டை உதிர்ந்திருக்கும். மாஸ்க்கை மாட்டி மூச்சை இழுத்தா, நேரா அந்த வடிகட்டி வழியாத்தான் காற்று வரும். அதாவது உதிர்ந்த நாரை வாயருகே வைத்து உறிஞ்சுவது மாதிரி. குழந்தைக்கு முன்னால் இருக்கும் ஆயுள் நீளம். நோய் வர எடுக்கும் 20, 40 வருஷமும் அந்த ஆயுளுக்குள் வந்துவிடும்.

இந்த மாஸ்க் அந்தக் காலத்தில் நம்ம ஊருக்கு வந்ததா?

போர் நம்ம கடற்கரை வரை வந்தது உண்மை. 1940 செப்டம்பரில், ஆளுநர் லூயி போன்வென் தலைமையில் புதுச்சேரி, ஜெனரல் டி கோல் நடத்திய சுதந்திர பிரான்ஸ் பக்கம் சேர்ந்தது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களும் அதோடு நேச நாடுகள் பக்கம் வந்துவிட்டன. 1942 ஏப்ரல் 5-ல் கொழும்பு, 6-ல் விசாகப்பட்டினம், காக்கிநாடா, 9-ல் திருகோணமலை மீது ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. அந்த மாதம் மெட்ராஸ் நகரமே பாதி காலியானது. 1943 அக்டோபரில் மெட்ராஸ் மீதும் ஒரு ஜப்பான் விமானம் குண்டு வீசியது.

ஆனா பிரிட்டன் மாதிரி வீட்டுக்கு வீடு, குழந்தைக்குக் குழந்தை மாஸ்க் கொடுக்கும் திட்டம் இங்கே நடக்கவில்லை. அதனால் 'எங்க தாத்தா வீட்டு பரண்ல கிடைச்சது' என்று யாராவது மிக்கி மவுஸ் மாஸ்க்கை விற்க வந்தா, கொஞ்சம் யோசிங்க. அது பின்னாளில் வெளிநாட்டிலிருந்து வந்த பொருளா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

அதே நேரம், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த தாத்தாக்களின் டிரங்குப் பெட்டி உள்ள குடும்பங்கள் புதுச்சேரியில் நிறைய. அதில் ராணுவ கேஸ் மாஸ்க் ஏதாவது இருந்தா, அது எந்த நாட்டு மாஸ்க்கா இருந்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

ஒன்று, பெயரைப் பார்த்து ஏமாறாதீங்க. உண்மையாகவே மிக்கி முகம் கொண்ட மாஸ்க் ஒன்று உண்டு. ஆனா அது அமெரிக்கத் தயாரிப்பு. 1942 ஜனவரியில் வால்ட் டிஸ்னி ஒப்புதலோடு சன் ரப்பர் கம்பெனி வடிவமைத்தது. சுமார் 1,000 மட்டுமே செய்யப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. இன்று மிஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதனால் 'ஒரிஜினல் டிஸ்னி' என்று குறைந்த விலைக்கு வந்தா நம்பாதீங்க.

இரண்டு, பல இணையக் கடைகளில் 'உலகப் போர் மாஸ்க்' என்று வருவது, போருக்குப் பல வருஷம் கழித்துச் செய்த சோவியத் ஜிபி-5 வகை. சாம்பல் நிற ரப்பர், வட்டக் கண், தலையை முழுசா மூடும். அது பிரிட்டன் மாஸ்க் இல்ல. அதையும் அணியாதீங்க. பழைய வடிகட்டி எதுவா இருந்தாலும் உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதாக நினைத்தே கையாள்வது நல்லது.

மூன்று, சட்டம். இந்தியாவின் 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டம் பொதுவாக 100 வருஷம் ஆன பொருள்களுக்குத்தான். இந்த மாஸ்க் அதில் வராது. ஆனா ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் ஆஸ்பெஸ்டாஸ் உள்ள பொருளை விற்கவே கட்டுப்பாடு உண்டு. பார்சல் கஸ்டம்ஸில் நின்றால் காசும் போச்சு, பொருளும் போச்சு. டப்பா இல்லாத ரப்பர் முகம் மட்டும், அல்லது தகுதியுள்ளவர்கள் வடிகட்டியை எடுத்துச் சீல் வைத்த மாஸ்க் என்றால் ஆபத்து குறையும். அதற்கு எழுத்து ஆதாரம் கேளுங்க.

நான்கு, வெறும் அட்டைப்பெட்டி, அந்தக் கால அறிவிப்புத் தாள், பயிற்சிப் புகைப்படம் இவற்றையும் சேகரிக்கலாம். மாஸ்க் சொல்லும் வரலாற்றை இவையும் சொல்லும். தூசு படியாத, பழைய மாஸ்க்கோடு சேர்த்து வைக்காத பிரதியா பாருங்க.

ஏற்கெனவே வீட்டில் இருந்தா?

பதற வேண்டாம். சும்மா அலமாரியில் இருந்த மாஸ்க்கை ஒரு தடவை பார்த்ததால் நோய் வந்துவிடாது. ஆபத்து எவ்வளவு நார், எத்தனை தடவை மூச்சில் போகுது என்பதைப் பொறுத்தது. இனிமே இப்படிச் செய்யுங்க:

* முகத்தில் மாட்டாதீங்க. செல்ஃபிக்கும் வேண்டாம், மாறுவேடப் போட்டிக்கும் வேண்டாம்.
* டப்பாவைத் திறக்காதீங்க, குலுக்காதீங்க, தட்டாதீங்க.
* பிரஷ் போட்டுத் தேய்க்காதீங்க, ஊதாதீங்க, வீட்டு வாக்குவம் கிளீனரும் வேண்டாம். எல்லாமே நாரைக் காற்றில் கிளப்பும்.
* பழைய பையையும் அட்டைப்பெட்டியையும் உதறாதீங்க. நார் அதிலும் ஒட்டியிருக்கும்.
* கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டு மூடுங்க. அதை இன்னொரு பையில் போட்டு ஒட்டுங்க. மேலே 'ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், திறக்காதீர்' என்று எழுதுங்க.
* காட்சிக்கு வைக்கணும்னா நாலு பக்கமும் மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள், பிள்ளைகள் கை எட்டாத இடத்தில்.
* வேண்டாம்னு தோணினா குப்பைத்தொட்டியில் போடாதீங்க, எரிக்காதீங்க, காயலான் கடையில் போடாதீங்க. கடையில் டப்பாவை நசுக்கும் தொழிலாளிதான் முதலில் பாதிக்கப்படுவார். புதுச்சேரி மாசுக்கட்டுப்பாட்டுக் குழுமத்திடம் கேட்டு, அவங்க சொல்லும் வழியில் ஒப்படைக்கணும்.

இதுக்கும் நம்ம வீட்டுக் கூரைக்கும் என்ன சம்பந்தம்?

இந்த மாஸ்க் உங்க வீட்டில் இல்லாமல் இருக்கலாம். ஆனா அதே வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ், வில்லியனூர், பாகூர் பக்கம் பல வீட்டு மாட்டுக்கொட்டகை மேல, சமையல்கட்டு மேல இருக்கு. ஆமா, 'ஷீட்' என்று நாம சொல்ற அதே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்தான். ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கத்துக்குப் புதிய அனுமதி தருவதை இந்தியா நிறுத்திப் பல வருஷம் ஆச்சு. ஆனா வெளிநாட்டிலிருந்து நாரை வாங்கி ஷீட் செய்வதற்குத் தடை இல்லை.

ஷீட்டில் நார் சிமென்ட்டோடு கலந்து இறுகி இருக்கும். உடையாத வரை அதிகம் பறக்காது. மாஸ்க் வடிகட்டியில் அது இறுகாமல், உதிரியா இருக்கும். அதுதான் வித்தியாசம். ஆனா ஷீட்டை ரம்பம் வைத்து அறுத்தாலோ, துளை போட்டாலோ, புயலில் நொறுங்கினாலோ அந்த வித்தியாசம் குறைந்துவிடும். 2011 டிசம்பர் 30-ல் தானே, 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் என்று பெரிய புயல்கள் கரையேறிய பகுதி இது. உடைந்த ஷீட் துண்டுகளை உலர்ந்த நிலையில் பெருக்கித் தள்ளாமல், தண்ணீர் தெளித்து நனைத்து, மாஸ்க் போட்டு, பையில் கட்டி எடுப்பதுதான் பாதுகாப்பு. அந்த மாஸ்க் துணி மாஸ்க்கா இருக்கக் கூடாது, என்95-ம் போதாது, பி100 அல்லது எஃப்எஃப்பி3 தரம் வேணும்.

ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் உடல்நலம் பற்றி உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் ஒரு முக்கியத் தீர்ப்பு கொடுத்தது. தொழிலாளரின் மருத்துவப் பதிவுகளை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருஷம் வைத்திருக்கணும் என்று அதில் சொல்லியிருக்கு. நோய் அத்தனை தாமதமா வரும் என்பதால்தான் அந்த 40 வருஷக் கணக்கு. ஷீட் அறுக்கும் வேலையோ, கட்டடம் இடிக்கும் வேலையோ பல வருஷம் செய்தவங்களுக்கு விடாத இருமலோ மூச்சிரைப்போ இருந்தா, டாக்டரிடம் அந்த வேலையைப் பற்றிக் கட்டாயம் சொல்லணும். சொன்னால்தான் அந்தக் கோணத்தில் பரிசோதிப்பாங்க.

சுருக்கமா சொன்னா...

* பிரிட்டன் குழந்தைகள் கேஸ் மாஸ்க் சேகரிப்பது தப்பில்ல, அணிவதுதான் ஆபத்து.
* டப்பாவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்க. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.
* பள்ளிக் கண்காட்சிக்கு உண்மையான மாஸ்க் வேண்டாம். படம் போதும், களிமண்ணிலோ அட்டையிலோ செய்த மாதிரி போதும்.
* மாஸ்க்கை வைத்திருப்பவங்க இரட்டைப் பையில் கட்டி, பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்க. உங்களுக்குப் பிறகு அந்தப் பெட்டியைத் திறக்கப்போகும் பேரப்பிள்ளைக்கு, உள்ளே என்ன இருக்கு என்று தெரிந்திருக்கணும்.